பொன்தூள் பெட்டி – 6: சமையற்கட்டிலிருந்து வந்தவர்

கிடங்கின் நெற்றிச் சுவரில் நான்கே எண்கள்: 1639. அதுதான் குற்றம் என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

ஜப்பானின் மேற்கு ஓரத்தில் ஹிராடோ என்ற சிறு துறைமுகம். 1640 நவம்பர். டச்சுக் கம்பெனி புதிதாகக் கட்டிய கல் கிடங்கின் முன்னால் ஷோகுனின் அதிகாரி இனோவே மசாஷிகே நிற்கிறார். கிறிஸ்து பிறந்த கணக்கில் ஆண்டைப் பொறித்த கட்டடம் ஜப்பான் மண்ணில் நிற்கக் கூடாது, உடனே இடி என்பது உத்தரவு. கம்பெனித் தலைவன் மறுத்துப் பேசினாலோ, நாலு நாள் தவணை கேட்டாலோ, அங்கேயே வெட்டிச் சாய்க்க ஆட்கள் மறைவில் தயாராக இருந்தார்கள். வெறும் மிரட்டல் என்று யாரும் நினைக்க முடியாது. அதே ஆண்டு கோடையில், வியாபாரத்தைத் திரும்பக் கேட்டு மக்காவோவிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியத் தூதுக்குழுவில் 61 பேரின் தலை நாகசாகியில் உருண்டிருந்தது.

கம்பெனித் தலைவர் பிரான்ஸ்வா கரோன் என்ன சொன்னார்?

உத்தரவுப்படியே செய்கிறேன் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளன் வாயைப் பார்த்து நிற்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அன்றைக்கே சரக்கை வெளியே எடுக்க ஆள் விட்டார், கிடங்கு தரைமட்டமானது. வாளை உருவக் காத்திருந்தவர்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. டச்சுக்காரர்கள் மறு ஆண்டு நாகசாகியின் தேஷிமா என்ற செயற்கைத் தீவுக்கு மாற்றப்பட்டார்கள். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஜப்பானில் வியாபாரம் செய்த ஐரோப்பியர் அவர்கள் மட்டுமே. அந்த ஒற்றைப் பதிலின் விலை அது.

இந்தக் கரோனைத்தான் ஐந்து வாரமாகத் துரத்திக்கொண்டிருக்கிறோம். ஆரணிக்காரர்கள் கேட்கலாம், நம்ம ஊருக்கும் இந்த ஆளுக்கும் என்ன சம்பந்தம் என்று. இருக்கிறது. இந்த வாரமே வருகிறது.

*

1600இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர் கரோன். பிராட்டஸ்டன்ட் பிரெஞ்சுக் குடும்பம். 1619இல் டச்சுக் கப்பலில் ஜப்பான் வந்தபோது அவர் வியாபாரி இல்லை, மாலுமியும் இல்லை. கப்பல் சமையற்கட்டில் உதவியாள். ஹிராடோவில் தங்கிப்போனார். ஜப்பானியப் பெண்ணை மணந்தார், பிள்ளைகள் பிறந்தார்கள். தெருவிலும் வீட்டிலுமாக மொழி வந்தது. மொழி தெரிந்தவன் துபாஷி ஆவதும் துபாஷி பெரிய மனிதன் ஆவதும் நம் கடற்கரையில் புதிதல்லவே. இருபது ஆண்டில் அவர் அங்கிருந்த டச்சு வணிக நிலையத்தின் தலைவர்.

கிடங்கு இடிபட்ட அதே காலத்தில்தான், கியோட்டோவில் ஒரு பட்டறை அவருக்காக வேலை செய்துகொண்டிருந்தது என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். கோவாமி நாகாஷிகேயின் பட்டறை. கோவாமி குடும்பம் 15ஆம் நூற்றாண்டிலிருந்து ஆட்சியாளர்களுக்குப் பொன் மெழுகு வேலை செய்த பரம்பரை. நாகாஷிகே அதில் பத்தாவது தலைமுறைத் தலைவர். வழக்கமாக அந்தக் கையால் வெளிநாட்டான் ஒரு சின்ன டப்பா வாங்குவதே அரிது. கரோனோ பெரும் பேழைகளுக்கே ஆர்டர் கொடுத்தார்.

நாகாஷிகே அப்போதுதான் ஒரு கல்யாணச் சீரை முடித்திருந்தார். மணமகள் ஷோகுன் இயெமிட்சுவின் மூத்த மகள் சியோஹிமே. 1639இல் கல்யாணம். அவள் பிறந்தது 1637இல்! பால்குடி மறந்தும் மறக்காத அந்தக் குழந்தைக்குச் சீராகப் போனவை நகைப்பெட்டி, சீப்புப் பெட்டி, அலமாரி, கூடவே எழுதுபெட்டி, எல்லாம் பொன்தூள் வேலை. ‘ஹாட்சுனே’ சீர் என்று பெயர். நகோயாவில் தொகுகாவா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. எழுத்தே கற்காத குழந்தைக்கு எழுதுபெட்டி எதற்கு என்று கேட்கக் கூடாது. நம் வீட்டில் பேத்தி பிறந்த அன்றே பாட்டி வெள்ளிக் குங்குமச் சிமிழை எடுத்து வைப்பதில்லையா, அப்படித்தான்.

அந்த எழுதுபெட்டிக்கு ஜப்பானில் சுசுரிபாகோ என்று பெயர். முழங்கையளவுகூட இராது. மூடியைத் தூக்கினால் உள்ளே மை உரைக்கும் கல், அதன்மேல் சொட்டுச் சொட்டாக நீர் விட ஒரு சிறு கூஜா, மைக்கட்டி, தூரிகைகள். இதற்குத் துணையாகத் தாழ்ந்த மேசை, பெயர் புந்தாய். நாற்காலி கிடையாது, தரையில் அமர்ந்துதான் எழுத வேண்டும். பழைய ஜவுளி மண்டிகளில் கணக்கப்பிள்ளை சம்மணமிட்டுச் சாய்ந்திருந்த மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் அரசாங்கமே பொன்மழை பொழிந்தது போல் ஒரு வேலைப்பாடு.

எழுதுபெட்டிகளில் எனக்குப் பிடித்தது நாகாஷிகே செய்ததல்ல. ஹொனாமி கோயேட்சு என்பவர் செய்தது, தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூடி ஆமை முதுகு போல உப்பியிருக்கும். பொன் அலைகள், வரிசையாகப் படகுகள், அவற்றின் குறுக்கே பாலம் போல ஒரு கரிய ஈயப் பட்டை. வெள்ளியில் ஒரு பாட்டின் எழுத்துகள் இறைந்து கிடக்கும். ஆனால் பாட்டில் ஒரு சொல் இல்லை. படகுப் பாலம் என்ற சொல்! அதை எழுத்தில் தேடக் கூடாது, படத்தில் படிக்க வேண்டும். எழுதுபெட்டியே பாதிப் பாட்டை எழுதிவிட்டது, மீதிக்குத்தான் மை.

*

போன மாதம் ஆரணி சைதாப்பேட்டையில் ஒரு தறி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். குழியில் கால் தொங்கவிட்டு நெய்துகொண்டிருந்த பெரியவரிடம் கைப்பேசியில் இந்தப் பெட்டிகளின் படத்தைக் காட்டினேன். நாடாவை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“இன்னா தம்பி இது, முந்தானை மாதிரி கீது?”

“பெட்டிங்க ஐயா. மரப்பெட்டி.”

“தங்கமா?”

“மேலே தூவின தூள்தான் தங்கம்.”

அவர் சிரித்தார். “அப்போ சரிகைதான்.”

ஐந்து வாரம் நான் எழுதியதை ஒரே சொல்லில் முடித்துவிட்டார். சரிகை என்பது என்ன? நடுவில் பட்டு நூல், அதன்மேல் தட்டையாக்கிச் சுற்றிய வெள்ளிக் கம்பி, அதற்கும் மேல் தங்கப் பூச்சு. எடையில் தங்கம் நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறாது. பெட்டியும் அதே கதைதான். உள்ளே மரம், மரத்தின்மேல் ஒட்டிய சணல் துணி, துணிமேல் களிமண் தூள் கலந்த பூச்சு, அதற்கும் மேல் பல அடுக்கு மெழுகு. ஒவ்வொரு அடுக்கையும் கரித்துண்டால் தேய்த்து மழுக்கிய பிறகே அடுத்தது. கடைசியில் எலிமுடித் தூரிகையால் மெழுகிலேயே கோலம் வரைந்து, அது ஈரமாக இருக்கும்போதே மூங்கில் குழாயிலிருந்து பொன்தூளைத் தட்டித் தட்டித் தூவுவார்கள். அந்தக் குழாயின் வாயில் சல்லடையாகக் கட்டுவது மெல்லிய துணி. இந்தத் தூவலுக்குத்தான் மாக்கியே என்று பெயர்.

மெழுகு, அரக்கு என்று சொல்லிச் சமாளித்து வருகிறேன். இரண்டுமே சரியான சொல் இல்லை. நம் ஊர் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. இது மரத்துப் பால், உருஷி. பத்துப் பதினைந்து வயது மரத்தைக் கீறிக் கீறி ஒரு பருவம் முழுக்க வடித்தால் ஒரு மரத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 200 கிராம். பிறகு மரத்தை வெட்டிவிடுகிறார்கள். பச்சைப் பால் மேலே பட்டால் கொப்பளம். வண்ணார் துணியில் குறி போடும் சேங்கொட்டை இருக்கிறதே, அதன் பால் பட்டாலும் கொப்பளிக்கும் அல்லவா? இரண்டும் ஒரே குடும்பம்தான். மா, முந்திரி எல்லாம் பங்காளிகள்.

பெரியவரிடம் இன்னொன்றும் சொன்னேன். இந்தப் பால் வெயிலில் இறுகாது. ஈரக் காற்றில்தான் இறுகும். அதற்கென்று அலமாரி வைத்து, உள்ளே தண்ணீர் தெளித்து, புழுக்கமாக்கி, பெட்டியை அதில் பூட்டிவைப்பார்கள். காற்று காய்ந்துவிட்டால் வேலை நின்றுபோகும்.

அவருக்குக் கண் விரிந்தது. ஐப்பசி மழை பிடித்தால் ஆரணியில் பாவு நமத்துப்போகும், தறிக் குழியில் தண்ணீர் ஊறும், தறி நிற்கும், கூலி நிற்கும்.

“மழை வந்தா அவங்களுக்கு வேலையா? நமக்கு மழை வந்தா அடகுக்கடை தம்பி,” என்றார். நாடா மறுபடி ஓடத் தொடங்கியது.

*

கரோனின் பேழைகள் ஜப்பானை விட்டுக் கிளம்பின. கூட வேறு சில சாமான்களும் போயின. பட்டாவியாவில் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த அந்தோனி வான் டீமனின் மனைவி மரியாவுக்கு ஒரு பெட்டி. மூடியின் உட்புறத்தில் ‘மரியா வான் டீமன்’ என்று பொன் எழுத்தில் அவள் பெயர். இந்தப் பெட்டியை மறந்துவிடாதீர்கள். கைமாறிக் கைமாறி நம் கதைக்குள் மறுபடி வரும்.

பேழைகள் ஹாலந்து போய்ச் சேர்ந்தன. அவ்வளவு பெரிய விலைக்கு உடனே ஆள் கிடைக்கவில்லை. 1658இல்தான் சரியான ஆள் அகப்பட்டார், பிரான்சின் கர்தினால் மஸாரேன். பதினான்காம் லூயி பெயருக்கு ராஜா, நாட்டை நடத்தியது மஸாரேன். பணத்தை எண்ணாமல் கலைப்பொருள் சேர்க்கிற மனிதர். பெரியதும் சிறியதுமாக இரண்டு பேழைகள் பாரிசில் அவர் மாளிகைக்கு வந்தன. இரண்டின் மேலும் ஜப்பானியப் பழங்கதையான கென்ஜியின் கதைக் காட்சிகள். அரண்மனை, தோட்டம், தேர், பாலம். அவற்றின் அர்த்தம் அந்த மாளிகையில் யாருக்காவது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மஸாரேனின் பணப்பெட்டிச் சாவி யாரிடம் இருந்தது? கோல்பேர் என்ற கணக்குப்பிள்ளையிடம். துணிவியாபாரக் குடும்பத்துப் பிள்ளை; கர்தினாலின் சொத்துகளை நிர்வகித்தவர் அவர்தான். 1661இல் மஸாரேன் செத்ததும் கோல்பேர் ராஜாவின் மந்திரி ஆனார். 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கினார். கம்பெனி இருக்கிறது, கப்பல் இருக்கிறது, ஆசியாவைத் தெரிந்த ஆள்தான் இல்லை. டச்சுக்காரனிடமிருந்து ஒருவனை இழுக்க வேண்டும்.

அந்தக் கணக்குப்பிள்ளை தேடிப் பிடித்த ஆள், தன் பழைய எஜமானின் பேழைகளை ஜப்பானில் செய்யச் சொன்ன அதே கரோன்.

*

இடையில் கரோனின் வாழ்க்கை எங்கெங்கோ சுற்றியிருந்தது. 1644இல் இலங்கையில் நீர்கொழும்பைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பறித்த டச்சுப் படைக்குத் தலைமை. பிறகு தைவானில் கவர்னர். பிறகு பட்டாவியாவில் கம்பெனியின் இரண்டாவது நாற்காலி. சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தார் என்ற புகாரில் திரும்ப அழைக்கப்பட்டார். மனக்கசப்பு இருந்த இடத்தில்தான் கோல்பேரின் தூது வந்து விழுந்தது. முப்பது ஆண்டு உப்பைத் தின்ற கம்பெனிக்கு எதிராகவே கிளம்பினார். அதைத் துரோகம் என்பவர்களும் உண்டு. எனக்கென்னவோ, ஹிராடோவில் ‘உத்தரவுப்படியே’ என்று சொன்ன அதே மனிதன்தான் இங்கும் தெரிகிறார். யார் எஜமானோ அவனுக்கு முழுமையாக வேலை செய்வார், எஜமான் மாறினால் வேலையும் முழுமையாக மாறும்.

1668இல் சூரத்தில் பிரெஞ்சுக்காரர்களின் முதல் வணிக நிலையம். 1672இல் தெ லா ஹே என்ற தளபதியின் போர்க்கப்பல்கள். முதலில் திரிகோணமலை; டச்சுக்காரர்கள் விரட்டினார்கள். அங்கிருந்து வடக்கே திரும்பியது கப்பல்படை. 1672 ஜூலையில் கரையிறங்கிய இடம் சென்னையில் எல்லோருக்கும் தெரிந்த இடம்.

சாந்தோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கரோனுக்கு அந்த ஊரைத் தெரியாதிருக்கலாம். ஊரின் பெயர் ஜப்பானுக்குத் தெரியும்! சோழமண்டலக் கரையிலிருந்து போன கோடுபோட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் ‘சாந்தோமே’. போர்ச்சுக்கீசியரின் மயிலாப்பூர்த் துறையின் பெயர் துணியோடு ஒட்டிக்கொண்டு கடல் கடந்தது. பிறகு ஜப்பானிய நெசவாளர்களே அந்தக் கோட்டை நெய்யத் தொடங்கினார்கள்; எடோ நகரத்து வணிகன் இடுப்பில் சாந்தோமே கட்டிக்கொண்டு சுசுரிபாகோவைத் திறந்து கணக்கு எழுதியிருப்பான். அங்கிருந்து திரும்பி வந்தது என்ன? செம்பு, வெள்ளி, 1660களுக்குப் பிறகு கோபான் என்ற நீள்வட்டப் பொற்காசுகள். டச்சுக்காரர்கள் அவற்றைச் சோழமண்டலக் கரைக்குக் கொண்டுவந்து துணிக்குக் கொடுத்தார்கள். இங்கே அது உருக்கப்பட்டு வராகன் ஆனது. ஜப்பானியப் பொன்னில் ஒரு பகுதி பெட்டியின்மேல் தூளாக விழுந்தது; ஒரு பகுதி நம் நெசவாளிக்கு முன்பணம் கொடுத்த தரகனின் மடியில் விழுந்தது. நெசவாளிக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேட்காதீர்கள், பழைய கேள்வி அது.

சாந்தோம் அப்போது கோல்கொண்டா சுல்தானின் கையில். பிரெஞ்சுக்காரர் பிடித்துவிட்டார்களே தவிர, வைத்துக்கொள்வது எளிதாக இல்லை. தரையில் கோல்கொண்டா முற்றுகை, கடலில் டச்சுக் கப்பல்கள். தெ லா ஹேயும் கரோனும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டார்கள். கரோனைப் பிரான்சுக்குத் திருப்பி அனுப்பும் நிலை வந்தது. கப்பல் ஏறினார். பேர் ‘ஜூல்’.

1673இல் போர்ச்சுக்கலின் லிஸ்பன் வாயில்வரை வந்துவிட்டது கப்பல். கரை கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே மோதி உடைந்தது. ஹிராடோவில் வாளுக்குத் தப்பியவர் கரைக்கு எதிரே தண்ணீரில் போனார்.

அவர் போனார்; அவர் தொடங்கிவைத்தது போகவில்லை. சாந்தோமில் பட்டினி. முற்றுகைக்குள் கிடந்தவர்களுக்கு அரிசி வேண்டும். அரிசி தேடி ஒரு இளைஞனைத் தெற்கே அனுப்பியிருந்தார்கள், பெலாஞ்சே தெ லெஸ்பினே. பீஜப்பூர் சுல்தானுக்காக வாலிகண்டபுரத்திலிருந்து ஆண்ட ஷேர்கான் லோடி ஒரு கடற்கரைக் கிராமத்தை அவனுக்குக் காட்டினார். 1674 செப்டம்பரில் சாந்தோம் சரணடைந்தது. மிச்சமிருந்த பிரெஞ்சுக்காரர்கள் போக வேறு இடமில்லாமல் அந்தக் கிராமத்தில் ஒண்டினார்கள். அவர்களில் ஒருவரான பிரான்ஸ்வா மார்த்தேன் அதை ஊராக்கினார்.

புதுச்சேரி. இனி ஆரணிக்கு வழி ஒரே கல்தொலைவு.

*

1751. புதுச்சேரியில் கவர்னர் துய்ப்ளே. ஆற்காட்டு நவாபு நாற்காலிக்குப் போட்டி. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர், முகம்மது அலிக்கு ஆங்கிலேயர். அந்த ஆங்கிலேயரில் ஒருவன் ராபர்ட் கிளைவ், வயது 26. மதராசுக்கு 1744இல் அவன் வந்தது ‘ரைட்டர்’ வேலைக்கு. கம்பெனியின் கடைசிப் படி அது; மேசை, மை, பேரேடு. எழுதுமேசை அவனுக்கு ஒத்தே வரவில்லை. ஹிராடோவில் ஒருவன் சமையற்கட்டிலிருந்து மேசைக்கு வந்தான், மதராசில் ஒருவன் மேசையிலிருந்து குதிரைக்குப் போனான்.

ஆற்காட்டுக் கோட்டையில் ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்றான் கிளைவ். முற்றுகையிட்ட சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபு நவம்பரில் பின்வாங்கினார். துரத்தல் தொடங்கியது. டிசம்பர் 3ஆம் தேதி, ஆற்காட்டுக்குத் தெற்கே, கமண்டல நாகநதிக் கரையோர ஊர் ஒன்றின் வெளியே இரண்டு படைகளும் எதிர்ப்பட்டன. பீஜப்பூர்ப் படையெடுப்புக் காலத்தில் வந்த மராட்டியக் குடும்பத்தின் ஜாகீர் அந்த ஊர். கோட்டையும் உண்டு.

நம்ம ஆரணிதான்.

கார்த்திகை மாதம். மழை ஓய்ந்து வயல் முழுக்கத் தண்ணீர். கிளைவிடம் 200 ஐரோப்பியர், 700 சிப்பாய்கள். மராட்டியத் தலைவர் முராரி ராவ் அனுப்பிய 600 குதிரைகள். எதிரே 300 பிரெஞ்சுக்காரர், பீரங்கிகள், சில ஆயிரம் நவாபு படை. கிளைவ் மேட்டில் நின்றான். ஒரு பக்கம் மரத்தோப்பு, ஒரு பக்கம் கிராமம், முன்னால் சேறு. சேற்றின் குறுக்கே ஒற்றை வரப்புப் பாதை. பிரெஞ்சுக்காரர்கள் பீரங்கியோடு அந்தப் பாதையில் ஏறினார்கள். விலகிப் போக இடமில்லை. வரிசையாக வந்தார்கள், வரிசையாக அடிபட்டார்கள். தோப்பில் மராட்டியக் குதிரைகள் பாய்ந்து பாய்ந்து திரும்பின. இருட்டியதும் ராஜா சாகிபின் படை கலைந்தது.

துரத்திப் போன மராட்டியர் கையில் 400 குதிரைகள் கிடைத்தன. கூடவே ஒரு பெட்டி. ராஜா சாகிபின் படைச்செலவுப் பெட்டி! உள்ளே 1,00,000 ரூபாய்.

அந்தப் பெட்டி எப்படி இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பொன்தூளும் இராது, கென்ஜியும் இராது. இரும்புப் பட்டை அடித்த தேக்காக இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஊரின் தலைவிதியை மாற்றிய பெட்டி அது. சம்பளப் பெட்டி போய்விட்டது என்று தெரிந்ததும் ராஜா சாகிபின் சிப்பாய்கள் 600 பேர் ஆயுதத்தோடு வந்து கிளைவிடமே சேர்ந்துகொண்டார்கள். ஆரணிக் கோட்டைத் தலைவர் முகம்மது அலியின் பக்கம் சாய்ந்தார். எஜமான் மாறினால் வேலையும் மாறும். கரோன் இருந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

*

பிரான்சுக்கு அந்தச் செய்திகள் மாதக்கணக்கில் தாமதமாகவே போய்ச் சேரும். துய்ப்ளேயின் போர்ச்செலவு வெர்சாய்க்குச் சலித்துவிட்டது. 1754இல் அவரைத் திருப்பி அழைத்தார்கள். அந்த அரண்மனையில் பதினைந்தாம் லூயியின் பக்கத்தில் இருந்தவள் மதாம் பொம்பதூர். ஜப்பானியப் பொன்தூள் வேலை என்றால் அவளுக்கு உயிர். அவள் சேகரத்தில் மூடியின் உட்புறம் ஒரு டச்சுக்காரியின் பெயர் எழுதிய பெட்டி ஒன்று இருந்தது.

மரியா வான் டீமன். மறந்துவிடாதீர்கள் என்றேன் அல்லவா?

பொம்பதூர் 1764இல் செத்தாள். பெட்டி கைமாறியது. பிரெஞ்சுப் புரட்சி வந்து பிரபுக்களின் மாளிகைகளைக் கவிழ்த்துக் கொட்டியபோது, மஸாரேனின் வாரிசுகள் வழியாக வந்த பேழைகளும் வெளியே வந்தன. இங்கிலாந்தில் வில்லியம் பெக்போர்டு என்ற ஒரு பணக்காரர். ஜமைக்காவில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டத்துப் பணம். அவர் கையில் மரியாவின் பெட்டியும் வந்து சேர்ந்தது, மஸாரேனின் பேழைகளும் வந்து சேர்ந்தன. பெக்போர்டின் மகள் ஹாமில்டன் பிரபுவை மணந்தாள். சாமான்கள் ஸ்காட்லாந்து மாளிகைக்குப் போயின. 1882இல் அந்த மாளிகைச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. சிறிய பேழையை லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் வாங்கியது. இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று அதற்குப் பெயர். மரியாவின் பெட்டியும் 1916இல் அங்கேயே வந்து சேர்ந்தது.

பெரிய பேழை? 1941 வரை அது இங்கிலாந்தில் இருந்ததற்குத் தடயம் உண்டு. லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த ஆண்டு அது. அதோடு கதை அறுந்தது. எரிந்திருக்கலாம், யாராவது விறகாகப் பிளந்திருக்கலாம், அமெரிக்காவில் பூட்டிய அறையில் கிடக்கலாம். அருங்காட்சியகத்து ஆட்கள் பல ஆண்டுகள் தேடினார்கள். கிடைக்கவில்லை.

1970. அதே அருங்காட்சியகம் நிற்கும் அதே சவுத் கென்சிங்டன். ஒரு பிரெஞ்சுப் பொறியாளர் வீடு மாற்றுகிற சமயம், பழைய சாமான்களோடு ஒரு கறுப்புப் பெட்டியை 100 பவுண்டு கொடுத்து வாங்குகிறார். நீளம் ஏறத்தாழ ஐந்தடி. உயரமும் தோதாக இருக்கிறது. சுவரோரம் நகர்த்திப் போட்டு, ஒரு துடைப்புத் துடைத்து, மேலே ஒரு சாமானைத் தூக்கி வைக்கிறார்.

தொலைக்காட்சிப் பெட்டி.

(தொடரும்)